நடுவில் ஆறடி

ஜனவரி 9

டேய் நெட்டை,

உயிரோடதான் இருக்கியா? நாங்க இருக்கோம். எனக்கு இடுப்பு, உன் மாமாவுக்குக் கண்ணு, தையல் மெஷினுக்கு பெல்ட்டு, இந்த மூணையும் தள்ளிவெச்சா வீட்ல எல்லாரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கேன்னு ரெண்டு வரி எழுத உனக்குக் கை வரமாட்டேங்குது. போன மாசம் போட்டதுக்கே பதிலைக் காணோம். பக்கத்து வீட்டு போன்ல கூப்பிடுன்னாலும் கூப்பிட மாட்டே. அதுவும் நல்லதுக்குத்தான். அங்க நின்னு நான் பேசினா தெருவே வேலையை விட்டுட்டுக் கேக்குது.

விஷயம் இதுதான். உன் மாமா போன வாரம் என் நூல்கண்டை பிஸ்கட்னு நெனச்சு டீயில நனைச்சுட்டார். சிரிக்காதே, நல்ல நீல நூல். அதுக்கப்புறம்தான் மனுஷன் டாக்டர்கிட்ட வர ஒத்துக்கிட்டார். ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப்போச்சாம். இங்க வசதி இல்லை, நீ இருக்கற ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. மே மாசம் முதல் வாரம் தேதி. ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள் அங்கயே தங்கி, தினமும் போய்க் காட்டணும். கண்ணுல தூசி படக்கூடாது.

எங்க தங்கறதுன்னு அவர் முனக ஆரம்பிச்சார். "என் தம்பி ஊருக்கு நடுவுல ரூம் வெச்சிருக்கான், ஜன்னலோட"ன்னு சொல்லி வாயை அடைச்சுட்டேன். அந்த மாஸ்டரோ யாரோ கூட இருந்தாரே, அவரும் காலி பண்ணிட்டுப் போயிட்டார்னு எழுதியிருந்தே. அப்போ இடம் தாராளம்தானே?

இன்னொண்ணு. உன் ரூமுக்கு எழுதாம எதுக்கு லாண்டரிக் கடை விலாசத்துக்கு எழுதச் சொல்றே? சட்டையைக் கசக்கியே போட்டுக்கற ஆளு நீ. லாண்டரிக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?

சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா

*

ஜனவரி 27

அக்கா,

நான் நல்லா இருக்கேன். உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் குடு, மெஷின் முன்னாடி ஒரேயடியா உக்காராதே. மாமாவுக்கு என் நமஸ்காரம் சொல்லு. நூல் எப்படி இருந்துச்சுன்னு கேளு.

தாராளமா வாங்க. இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? பத்து நாள் என்ன, ஒரு மாசம் இருங்க. லாட்ஜ்ல தபால் பெட்டி உடைஞ்சு கிடக்கு, அதனாலதான் லாண்டரிக் கடை. அந்தம்மா நல்லவங்க, கடுதாசியை இஸ்திரி போட்டுக் குடுக்காத குறை.

இங்க ஊருக்கு நடுவுல எல்லாத்தையும் மாத்தறாங்க. பழைய மார்க்கெட், அதைச் சுத்தி இருந்த சந்து, எல்லாம் போயாச்சு. அந்த இடத்துல பெரிய சதுக்கம் வருது. கல்லுப் பாவி, மரம் நட்டு, விளக்கு போட்டு, பார்த்தா வேற ஊர் மாதிரி இருக்கும். அதுல பெஞ்சுக்கெல்லாம் இரும்பு வேலை என் கையில குடுத்திருக்காங்க. அறுபது பெஞ்சு. மாமா கண்ணு சரியானதும் முதல்ல அதைத்தான் காட்டணும்.

அவசரமாப் போகணும், ஆள் கூப்பிடறாங்க.

உன் தம்பி

*

பிப்ரவரி 2

மாஸ்டர்,

வணக்கம். அந்த ஊர் ஹாஸ்டல் பசங்க உங்க சமையலைச் சாப்பிட்டுட்டு இன்னும் உயிரோட இருக்காங்களா? முட்டி வலி தேவலையா?

எங்க படுக்கறேன்னு கேட்டிருந்தீங்க. கேக்காமலே இருந்திருக்கலாம். நீங்க போன மறுவாரமே நம்ம லாட்ஜ் படிக்கட்டைப் பெயர்த்தாங்க. இப்ப அண்ணாந்து பார்த்தா நம்ம ரூம் இருந்த உயரத்துல காக்கா பறக்குது. முதல்ல பழைய மார்க்கெட் வராந்தாவுல படுத்தேன். கம்பிக் கதவு போட்டுட்டாங்க. பேங்க் படிக்குக் கீழே போனேன். அங்க சிமென்ட்ல கூர்கூரா கல்லைப் பதிச்சுட்டாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் போனா காவல்காரர் விசில் ஊதறார். குடிதண்ணிக் குழாயைப் பிடுங்கியாச்சு, கழிப்பறைக்குப் பூட்டு. ஒரு இடத்துல ரெண்டு நிமிஷம் நிக்க முடியலை மாஸ்டர், கால்ல சக்கரம் கட்டின மாதிரி சுத்திக்கிட்டே இருக்கேன். இப்பல்லாம் வேலை நேரத்துலதான் ஒரே இடத்துல இருக்கேன்.

வேலை இருக்கறவனுக்கு ரூம் இல்லைன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. லாட்ஜ் அத்தனையையும் இடிச்சாச்சு. மிச்சம் இருக்கற வீட்டுக்காரங்க, ஜன்னல்ல இருந்து சதுக்கம் தெரியும்னு சொல்லி ஏத்திட்டாங்க. அட்வான்ஸைக் கேட்டா தலை சுத்துது. இப்ப எங்க இருக்கேன்னு கேக்கறாங்க, அதுக்கு என்ன பதில் சொல்றது? லாண்டரிக்காரம்மா என் பையையும் டூல்ஸ் பெட்டியையும் வெச்சுக்கறாங்க. என்னையும் வெச்சுக்கத்தான் அவங்களுக்கு மனசு, ஆனா அந்தக் கடை அவங்க நின்னு இஸ்திரி போடற அகலம்.

இப்ப எங்க அக்காவும் மாமாவும் மே மாசம் கண் ஆபரேஷனுக்கு வர்றாங்க, என் ரூம்ல தங்க. வாங்கன்னு எழுதிட்டேன். மேக்குள்ள எப்படியாவது ஒரு ரூம் பிடிக்கணும். சதுக்கத்து வேலைக்குக் கூலி மொத்தமா கடைசியிலதான். அது வந்தா அட்வான்ஸ் குடுத்துடலாம்.

அந்த வேலை என்ன தெரியுமா? பெஞ்சுல, நாற்காலிக்கு இருக்குமே அந்த மாதிரி, இரும்புக் கை வைக்கறது. சூப்பர்வைசர் பட்டவர்த்தனமாச் சொல்லிட்டார். "உக்காரட்டும், ஆனா ஒருத்தனும் காலை நீட்டிடக் கூடாது"ன்னு. வரைபடம் இன்னும் வரலை, பெஞ்சுக்கு ரெண்டு கைன்னு மட்டும் தெரியும், நீ ஒரு மாதிரி பண்ணிக் காட்டுன்னார். எங்க தொழில்ல அதுதான் வழக்கம். ஒண்ணு பண்ணி சரின்னு வாங்கிட்டா, மிச்சத்துக்கெல்லாம் அதுதான் அளவு. திரும்ப டேப்பைத் தொடவே மாட்டோம், மாதிரியில வெட்டின கம்பியை வெச்சுக் கோடு போட்டுக்கிட்டே போவோம்.

பெஞ்சு எட்டடி. இந்த ஓரத்துல ஒரு அடி விட்டு ஒரு கை, அந்த ஓரத்துல ஒரு அடி விட்டு ஒரு கை வெச்சேன். நடுவுல ஆறடி. வேணும்னே பண்ணினியான்னு கேக்காதீங்க, எனக்கே தெரியலை. அளவு பார்க்க மத்தியானம் அதுல படுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். சூப்பர்வைசர் போன்ல யாரையோ திட்டிக்கிட்டே வந்தார், பார்த்தார். "ரெண்டு பக்கமும் சமமா அழகா இருக்கு, போடு"ன்னுட்டுப் போயிட்டார்.

இப்ப அறுபதையும் அதே அளவுல போட்டுக்கிட்டு இருக்கேன்.

நெட்டை

*

பிப்ரவரி 20

டேய் நெட்டை,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். மெஷினுக்கு பெல்ட்டு மாத்தியாச்சு. இடுப்புக்குத்தான் மாத்த முடியலை.

என் தம்பி ஊரையே புதுசாக் கட்டறான்னு தெருவுல ஒருத்தர் பாக்கி இல்லாமச் சொல்லிட்டேன். துணி தைக்கக் குடுக்க வந்தவங்க அளவு குடுக்கறதுக்கு முன்னாடி உன் பெஞ்சுக் கதையைக் கேட்டுட்டுத்தான் போகணும். உன் மாமா ஒரு படி மேல. நீ சதுக்கத்துக்கே இன்ஜினியர்னு அளந்து விட்டுட்டார். நானும் மறுக்கலை.

இப்ப நான் கேக்கறதுக்கு ஒழுங்காப் பதில் எழுது. ரூம் எத்தனையாவது மாடி? படிக்குக் கைப்பிடி இருக்கா? வெந்நீர் வைக்க அடுப்பு உண்டா, இல்லை நான் ஒண்ணு கொண்டு வரணுமா? ஜன்னல் எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம்? வெளிச்சம் கண்ணுல அடிக்கக் கூடாதாம், கெட்டித் துணியில ஒரு திரை தைச்சு எடுத்துட்டு வர்றேன். டேப் வெச்சு அளந்து எழுது, குத்துமதிப்பு வேண்டாம். பக்கத்துல தூசி பறக்கற வேலை எதுவும் நடக்கலையே?

உன் ரூமை நான் பார்த்ததே இல்லைன்னு இப்பத்தான் உறைக்குது. இத்தனை வருஷத்துல ஒரு தடவை வான்னு கூப்பிட்டதில்லை நீ. போகட்டும், இப்ப வர்றேனே.

உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா

*

மார்ச் 24

அக்கா,

தாமதத்துக்கு மன்னிச்சுக்கோ. நான் நல்லா இருக்கேன், நீங்களும் அப்படித்தான் இருப்பீங்கன்னு நம்பறேன். வேலை தலைக்கு மேல. பெஞ்சு அறுபதும் முடிஞ்சாச்சு, கறுப்பு பெயின்ட் அடிச்சாச்சு. வெயில் பட்டா பளபளன்னு இருக்கு. மாசக் கடைசியில திறப்பு விழா. பெரிய மனுஷங்க எல்லாம் வர்றாங்களாம்.

நேத்து கல்லு பாவறவர் ஒருத்தர் என் பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டார். "கை வெச்சுக்க வசதியா இருக்கு"ன்னார். நம்ம வேலையை ஒருத்தர் அப்படிச் சொன்னா மனசுக்கு நல்லா இருக்கு, இல்லை?

மாமாவை வெயில்ல அலைய விடாதே. சொட்டு மருந்து தவறாம விடு. மத்தது நேர்ல.

உன் தம்பி

*

ஏப்ரல் 4

மாஸ்டர்,

நலமா? நான் நல்லா மாட்டிக்கிட்டேன்.

திறப்பு விழா அமர்க்களமா நடந்துச்சு. ரிப்பன் வெட்டினாங்க, பேசினாங்க, பலூன் விட்டாங்க, போயிட்டாங்க. அன்னைக்கே, படுக்க இடம் இல்லாம சுத்தற நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்து பெஞ்சைத் தடவிப் பார்த்தாங்க. உக்காந்து பார்த்தாங்க. அப்புறம் மெதுவா சாஞ்சு பார்த்தாங்க. இடிக்கலை. மாஸ்டர், அந்த முகங்களை நீங்க பார்த்திருக்கணும்.

ரெண்டு நாள் கழிச்சு பேப்பர்ல படம் வந்துச்சு. விடியற நேரத்துல மேல இருந்து எடுத்தது. பெஞ்சுக்கு ஒருத்தர், ரெண்டு கைக்கும் நடுவுல தொட்டில்ல போட்ட மாதிரி. "புதிய சதுக்கத்தில் இலவச விடுதி"ன்னு கொட்டை எழுத்துல தலைப்பு. மூணாவது பெஞ்சுல இருக்கறது நான்தான். நல்லவேளை, முகத்து மேல தொப்பி.

சூப்பர்வைசர் குதிக்காத குதி இல்லை. "எந்த மடையன்டா இந்த மாதிரியைப் பண்ணினது?"ன்னார். சரின்னு சொன்னது யாருன்னு அவருக்கு மறந்துபோச்சு, நான் ஞாபகப்படுத்தலை. ஒவ்வொரு பெஞ்சுலயும் நடுவுல இன்னும் ரெண்டு கை வைக்கணுமாம். வெச்சாத்தான் மொத்தக் கூலியும். இல்லைன்னா இதுவரைக்கும் செஞ்சதுக்கும் கிடையாது.

ரூம் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன் மாஸ்டர். மூணாவது மாடி, சின்னதுதான், ஆனா கதவு இருக்கு, பூட்டு இருக்கு. வீட்டுக்காரர் இந்த மாசம் முடியற வரைக்கும் பொறுத்துக்கறேன்னார். கூலி வந்தா ரூம். ரூம் இருந்தா மாமாவுக்குக் கண்ணு. கணக்கு நேராத்தான் இருக்கு. நேரா இருந்தும் மண்டை காயுது.

பழைய பேப்பர் பொறுக்கற அம்மா ஒருத்தங்க என் பக்கத்து பெஞ்சு. எத்தனை வருஷமா தரையில கிடக்கறாங்களோ தெரியாது. நேத்து என்கிட்ட, "இந்தக் கையை வெச்சவன் மகராசனா இருக்கணும்ப்பா, புரண்டாக்கூட விழ மாட்டேங்கறேன்"னாங்க. நான்தான் வெச்சேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அடுத்த வாரம் நான்தானே அதைக் கெடுக்கப் போறேன்? முழுங்கிட்டேன்.

என்ன பண்ணட்டும்? சீக்கிரம் எழுதுங்க.

நெட்டை

*

ஏப்ரல் 9

தம்பி,

நான் நலம். முட்டி என் பேச்சைக் கேக்கறதில்லை, மத்தபடி குறை ஒண்ணும் இல்லை.

நீ வைக்கலைன்னா வேற ஒருத்தன் வந்து வெச்சுட்டுப் போவான். பெஞ்சு எப்படியும் போகத்தான் போகுது, அதுல உனக்கு சந்தேகம் வேண்டாம். ஆனா அதைச் சொல்லிக்கிட்டே நீ நிம்மதியா இருப்பியான்னு என்னைக் கேக்காதே. லாட்ஜ்ல இருந்தப்போ ஒரு எலியை அடிக்கச் சொன்னதுக்கே மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டவன் நீ.

ஒண்ணு சொல்றேன். இந்தக் குடைச்சல் பூரா பெஞ்சால வரலை, உன் அக்காகிட்ட நீ சொல்லாத ஒரு வரியால வந்தது. "எனக்கு ரூம் இல்லை." முடிஞ்சுது. எழுதிப் போடு. வறுத்து எடுப்பாங்கதான். எடுக்கட்டுமே, கருகிடவா போறே? என் அடுப்புல எத்தனையோ பார்த்துட்டேன், வறுக்கறதால கெட்டுப்போனது எதுவும் இல்லை. மூடி போட்டுப் புழுங்க விட்டதுதான் நாறும்.

இங்க வந்தாலும் வா. ஸ்டோர் ரூம்ல மூட்டைக்கு நடுவுல படுக்கலாம், வார்டன் கண்டுபிடிக்கற வரைக்கும்.

மாஸ்டர்

*

ஏப்ரல் 12

அக்கா,

எல்லாரும் சுகம்தானே? உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னுதான் உக்காந்தேன். ரொம்ப நாளாச் சொல்ல நெனச்சது. நீ கோவப்படக் கூடாது.

பெஞ்சு விஷயம்தான். அளவுல ஒரு தப்பு நடந்துபோச்சு. பெஞ்சு எட்டடி. நான் ஓரத்துக்கு ஒரு அடி விட்டு ரெண்டு கை வெச்சுட்டேன், நடுவுல ஆறடி சும்மா நின்னுபோச்சு. மாதிரியில விழுந்த தப்பு அறுபதுலயும் விழுந்துடுச்சு. ஊர்ல பேச்சாயிடுச்சு, பேப்பர்லகூட வந்துச்சு. இப்ப நடுவுல இன்னும் ரெண்டு கை வெச்சு அடைக்கச் சொல்றாங்க. அதை முடிச்சாத்தான் கூலி. எனக்கு அதைச் செய்யவே பிடிக்கலை. ஆனா செஞ்சுதான் ஆகணும், நீங்க வர்றீங்க இல்லை? செலவு இருக்கு.

ரூமுக்கு வெள்ளை அடிச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க வர்றதுக்குள்ள முடிஞ்சுடும்.

மாமாவைக் கேட்டதாச் சொல்லு.

உன் தம்பி

*

ஏப்ரல் 17

தம்பி,

நாங்க நலம். அதை விடு.

உன் கடுதாசியை நாலு தடவை படிச்சேன். அளவுல தப்பு நடந்துச்சுன்னு எழுதியிருக்கே. என்கிட்டயாடா? பொறந்ததுல இருந்து உன்னைத் தெரியும். நம்ம வீட்டுக் கதவுக்கு நீ வெச்ச தாழ்ப்பாள் ஒரு நூல் பிசகினது கிடையாது. நீ அளந்தா அளந்ததுதான்.

உனக்கு சட்டை தைக்கறவ நான். கழுத்துல இருந்து கால் வரைக்கும் உன் அளவு எனக்கு மனப்பாடம். ஆறடிக்கு ஒரு இஞ்ச் கம்மி நீ. கையை ஊணிக்க ஒரு கை வைக்கறவன் எதுக்கு நடுவுல ஆறடி விடணும்? ஒரு மனுஷன் படுத்தா எவ்வளவு ஆகும்னு பெஞ்சைப் பார்த்ததும் எவனுக்குத் தோணும்? அதுல படுக்கறவனுக்குத்தான் தோணும்.

அப்புறம்தான் எல்லாம் ஒவ்வொண்ணாப் புரிஞ்சுது. லாண்டரி விலாசம். படியைக் கேட்டேன், அடுப்பைக் கேட்டேன், ஜன்னலைக் கேட்டேன், நீ பெயின்ட் பளபளக்குதுன்னு எழுதினே. உனக்கு ரூம் இல்லை. எத்தனை நாளாடா?

மெஷினை நிறுத்திட்டு அழுதேன். உன் மாமாவுக்குக் கண்ணு தெரியாததும் இன்னைக்கு ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. என் தம்பி ஊரைக் கட்டறான்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே, அந்த ஊர்ல உனக்குப் படுக்க இடம் இருக்கான்னு கேக்கத் தோணலையே எனக்கு. கோவம் கோவமா வருது. உன் மேலயா என் மேலயான்னு தெரியலை. நீ எதிர்ல இருந்தா ரெண்டு அறை குடுத்துட்டு சாப்பாடு போட்டிருப்பேன்.

கேளு. அந்த ஆறடியை அடைக்காதே. உனக்குப் பிடிக்கலைன்னு எழுதியிருக்கே, அப்போ செய்யாதே. கூலி போனாப் போகட்டும். ஆஸ்பத்திரியில கூட வர்றவங்க தங்க ஒரு ஹால் இருக்காம், பக்கத்து வீட்டு போன்ல பேசி எழுதி வெச்சாச்சு. தெரு பூரா கேட்டுச்சு, கேக்கட்டும். எங்களுக்கு உன் ரூம் வேண்டாம். நீ வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாப் போதும்.

எல்லாம் முடிஞ்சதும் எங்களோட கிளம்பி வந்துடு. வீட்ல இடம் இல்லைன்னு சாக்கு சொல்லாதே. மெஷினைக் கொஞ்சம் நகர்த்தினா நீ படுக்கலாம், முட்டியை மட்டும் மடக்கிக்கணும்.

இதைப் பார்த்த உடனே பதில் போடு. உடனேன்னா உடனே.

அக்கா

(இந்தக் கடிதம், உறை பிரிக்கப்படாமல், "கடை இடிக்கப்பட்டது" என்ற குறிப்போடு ஏப்ரல் கடைசியில் அக்காவிடமே திரும்பி வந்தது.)

*

ஏப்ரல் 25

அக்கா,

எல்லாரும் நலமா? உன்கிட்ட இருந்து பதிலே இல்லை. கோவமா?

வேலையை முடிச்சுட்டேன். கூலி கைக்கு வந்துச்சு. ரூம் தயாரா இருக்கு. மூணாவது மாடி, படிக்குக் கைப்பிடி இருக்கு, அடுப்பு இருக்கு. விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கேன், இனிமே அதுக்கே எழுது. லாண்டரிக் கடையையும் போன வாரம் இடிச்சுட்டாங்க. அந்தம்மா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு மகள் வீட்டுக்குப் போயிட்டாங்க. போகும்போது என் டூல்ஸ் பெட்டியைப் பத்திரமா எதிர் டீக்கடையில குடுத்துட்டுப் போனாங்க.

பெஞ்சு வேலை நடந்தப்போ ஒரு அம்மா பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாங்க. வெல்டிங் நெருப்பைப் பார்க்காதீங்க, கண்ணு கெட்டுப்போகும்னு சொன்னேன். நகரலை. நான் முகமூடியை எடுக்காமலே அறுபதையும் முடிச்சேன்.

எந்த பஸ்ஸுன்னு எழுது. வந்து நிக்கறேன்.

உன் தம்பி

*

மே 22

டேய் நெட்டை,

நல்லபடியா வந்து சேர்ந்தோம். பஸ்ல என் இடுப்பு கழண்டு விழாதது ஒண்ணுதான் பாக்கி. உன் மாமாவுக்கு இப்ப எல்லாம் தெரியுது. அதுதான் தொல்லை. மின்விசிறியில அழுக்கு, சுவத்துல விரிசல், மெஷினுக்கு அடியில நூல் குப்பை, ஒண்ணு விடறதில்லை. "உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"ன்னு கேட்டார். பழைய கண்ணையே திரும்ப வெச்சுக் குடுக்கச் சொல்லலாமான்னு இருந்துச்சு.

பத்து நாளும் நீ ராஜ உபசாரம் பண்ணிட்டே. ரூம் சின்னதா இருந்தாலும் சுத்தமா இருந்துச்சு. ஜன்னல் இல்லாததும் தூசிக்கு நல்லதாப் போச்சு. வாடகை கட்ட முடியுதா? மறைக்காம எழுது.

ஏப்ரல்ல உனக்கு நான் ஒரு கடுதாசி போட்டேன். லாண்டரிக் கடை இல்லாததால அது எனக்கே திரும்பி வந்துடுச்சு. பெட்டியில போட்டு வெச்சிருக்கேன். அதுல ஒண்ணும் பெரிசா இல்லை, வழக்கமான புலம்பல்தான்.

கிளம்பற அன்னைக்கு நீ வேலைக்குப் போனப்புறம் நானும் மாமாவும் சதுக்கத்துக்குப் போனோம். நீதான் என்னென்னமோ சொல்லிக் கடைசி வரைக்கும் கூட்டிட்டுப் போகலை. மாமா ஒரு பெஞ்சுல உக்காந்தார். கண்ணை இடுக்கிக்கிட்டு வெல்டிங் வெச்ச இடத்தையெல்லாம் விரலால தடவிப் பார்த்தார். "நேர்த்தியா இருக்கு, பையன் கெட்டிக்காரன்"னார். அப்புறம் "எதுக்கு இத்தனை கை? ஆளுக்குத்தான் ரெண்டு, பெஞ்சுக்கு நாலா?"ன்னார். "உன் தம்பியைக் கேக்கணும்"னு வேறே என்கிட்ட சொன்னார். கேக்காதீங்கன்னுட்டேன். பக்கத்துல ஒரு அம்மா தரையில பேப்பரை விரிச்சு உக்காந்திருந்தாங்க. பெஞ்சு காலியாத்தான் இருந்துச்சு. மேல வந்து உக்காருங்களேன்னேன். "உக்காந்து என்ன பண்றது?"ன்னாங்க.

இதை நேர்ல சொல்ல வாய் வரலை, அதனால எழுதறேன். ஒரு நாள் விடியக்காலையில எந்திரிச்சேன். நீ கதவோரம் சுருண்டு கிடந்தே. ஷூவைக் கழட்டலை. பைக் கயிறைக் கையில சுத்தி வெச்சிருந்தே. குளிருமேன்னு போர்வையை மேல போட்டேன். பட்டதும் துள்ளி எந்திரிச்சே. கண்ணைக்கூடத் திறக்கலை. "இதோ போயிடறேன் சார், போயிட்டேன் சார்"ன்னு பையைத் தூக்கிக்கிட்டு நடந்தே, சுவத்துல முட்டிக்கிட்டே. அப்படியே சாஞ்சு உக்காந்து மறுபடியும் தூங்கிட்டே. உனக்கு ஞாபகமே இல்லை. மாமா கட்டுப் போட்ட கண்ணோட, "எந்த சார்?"னு கேட்டார். வேலை ஞாபகத்துல உளர்றான்னு சொன்னேன். மிச்ச நாள் பூரா நான் உனக்குப் போர்வை போடலை. பயமா இருந்துச்சு.

டேய், நான் சொல்றதைக் கேளு. அந்த ரூமுக்கு வாடகை குடுக்கறவன் நீ. சாவி உன்கிட்ட இருக்கு. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கோ. எந்த சாரும் அங்க வர மாட்டான். ஷூவைக் கழட்டி ஓரமா வை. கதவுகிட்ட வேண்டாம், உள்ள தள்ளி, நடு ரூம்ல படு.

அக்கா